கார்த்திகேசு அண்ணனின் ஏர்கோன் கார்

கார்த்திகேசு அண்ணன் வாங்கிய காரில் ஏர்கோன் இருந்தது. அது நன்றாகக் குளிர்காற்றும் அடித்தது. உள்ளே உட்கார்ந்தவர்கள்தாம் வெந்து போனார்கள்.

அவர் என் பெரியம்மா மகன். முப்பத்தாறு வயது. லஹாட் ரோட்டில் ஒரு மரக்கிடங்கில் லாரி ஓட்டினார். தலைமுடி பாதிக்கு மேல் போய்விட்டது. சுங்கை சிப்புட் பக்கம் துண்டு துண்டாக விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய பெரிய கிராணியிடமிருந்து அந்தக் காரை வாங்கியிருந்தார். கிராணிக்கு முன் அது தோட்டத்துத் துரையின் கார். துரை அதை இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தாராம். அவர் ஊருக்குப் போன பிறகு கிராணி டேஷ்போர்டுக்குக் கீழே ஏர்கோன் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். கறுப்பு நிறம், தோல் சீட்டு. கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோவைச் சாத்தியதுபோல் சத்தம் வரும். 1982இல் புந்தோங்கில் எங்கள் வரிசையில் வேறு யாரிடமும் ஏர்கோன் கார் கிடையாது.

அண்ணன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, சட்டை தொப்பலாக நனைய, மீன்போல வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஓட்டுவார். கண்ணாடியை இறக்கினால் காரில் ஏர்கோன் இல்லை என்று யாராவது நினைத்துவிடுவார்களாம்.

இப்படி ஆறு மாதம் ஓட்டினார். அது அவருடைய சொந்தக் கஷ்டமாகவே இருந்திருக்கும். தைப்பிங் சம்பந்தம் வந்து எல்லாருடைய கஷ்டமாகவும் ஆக்கிவிட்டது.

பெண் பெயர் நல்லம்மாள். இருபத்தொன்பது வயது, ஒரு கிளினிக்கில் வேலை. அம்மா இல்லை. அப்பா உடையப்பன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்தவர். முப்பது வருஷம் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டுப் போட்டு ரிட்டயரானவர். அவருக்குப் பொய் ஆகாது. ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்று விட்டிருந்தார். ஒருவன் சொந்த வீடு என்றது வாடகை வீடு. இன்னொருவன் ஆபீஸ் கிளார்க் என்றது ஆபீஸ் வாட்ச்மேன். வாட்ச்மேனாக இருப்பது குற்றமில்லை, கிளார்க் என்று சொன்னதுதான் குற்றம் என்றாராம்.

இதையெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டுத் தரகர் ஐயாவு கேட்டார்: "அப்ப மாப்ளயப் பத்தி என்னாதான் சொல்றது?"

பெரியம்மா மகனை மேலும் கீழும் பார்த்தார். நானும் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"ஏர்கோன் காரு இருக்குன்னு சொல்லுங்கண்ணே," என்றார் அண்ணன்.

ஐயாவு போய் அப்படியே சொன்னார். பத்து நாளில் பதில் வந்தது. உடையப்பன் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார். பெண்ணும் வருகிறாள், வாழப் போகிறவள் அவள்தான், அவளே பார்க்கட்டும் என்றாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஏர்கோன் காரை அனுப்பி வையுங்கள். பதில் வந்த நாள் செவ்வாய்.

அண்ணன் நேராக என் அறைக்கு வந்து என் போர்வையை இழுத்தார். பகல் இரண்டு மணி. நான் படிவம் நான்கோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு வருஷமாக ஐஸ் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். எனக்கு அது ஆழ்ந்த தூக்க நேரம்.

"டேய் பத்துமல, எந்திரி. நீ ஐஸ் ஃபேக்டரியிலதானே வேல செய்றே? குளிரப் பத்தி ஒனக்குத் தெரியாதா?"

"நான் கட்டி தூக்குறவன்ண்ணே."

"தூக்குறவனுக்குத்தான் தெரியும். எந்திரி லா."

முதலில் ஏர்கோன் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். அதன் சீன முதலாளி, தவுக்கே, அண்ணனைப் பார்த்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீ நூடுல்ஸ் கிண்ணத்தை மூடி வைத்தார். அண்ணன் ஏற்கெனவே ஐந்தாறு தடவை போயிருக்கிறார் போலிருக்கிறது. தவுக்கே எஞ்சினை ஓடவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்து, பெட்டிக்கு முன்னால் கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். ஜில்லென்றுதான் இருந்தது.

"செஜோக் லா! இது குளிரு இல்லன்னா எது குளிரு?" என்று பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் கத்தினார். "கேஸ் இருக்கு. பெல்ட் இருக்கு. எல்லாம் இருக்கு. ஒனக்குத்தான் காய்ச்சல்."

"ரோட்டுல போனா கொதிக்குது தவுக்கே."

"நீங்கள்லாம் கோயில்ல நெருப்பு மேல நடக்கிற ஆளுங்க. இதுக்குப் போயி கத்துறியா?"

அங்கிருந்து செம்மோர் வரை ஓட்டிப் பார்த்தோம். ஜெலாப்பாங் தாண்டும்போது காலில் சூடு ஏறியது. செம்மோர் வந்தபோது நான் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். முகத்தில் பனிக்காற்று, முழங்காலுக்குக் கீழே தோசைக்கல். திரும்பிப் போய்த் தவுக்கேயிடம் சொன்னோம். அவர் நின்ற காரில் கையை வைத்துப் பார்த்தார். ஜில். கையால் வாசலைக் காட்டினார்.

புதன்கிழமை ஆளுக்கொரு வைத்தியம். கறுப்பு நிறம்தான் சூட்டை இழுக்கிறது என்று அண்ணன் காரின் கூரைமேல் ஈரச் சாக்குகளைப் போட்டுக் கயிற்றால் கட்டினார். தெருவில் போனவர்கள் உள்ளே என்ன மீன் என்று கேட்டார்கள். கண்ணூறுதான் காரணம் என்று பெரியம்மா உப்பும் மிளகாயும் சுற்றினார். சுற்றி வெளியே போட்டிருக்கலாம். காருக்குள்ளேயே சாம்பிராணித் தட்டில் போட்டுக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு காரில் ஏறியவர்கள் வேர்த்ததோடு தும்மினார்கள்.

என் வைத்தியம் வியாழக்கிழமை. வேலை முடிந்து வரும்போது அரைக்கட்டி ஐஸைச் சைக்கிளில் கொண்டுவந்தேன். அதை ஒரு வாளித் தொட்டியில் வைத்து, முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் இறக்கினோம். பெண்ணின் அப்பா உட்காரும்போது காலுக்குக் கீழே ஐஸ் இருந்தால் சூடு தெரியாது என்பது என் கணக்கு.

"கால எங்க வெப்பாரு?" என்று அண்ணன் கேட்டார்.

"தொட்டிக்கு ரெண்டு பக்கமும்."

"வீடு பாக்க வர்ற மனுசனாடா அவரு, இல்ல பிரசவத்துக்கு வர்றாரா?"

ஆனாலும் சுங்கை சிப்புட் வரை ஓட்டிப் பார்த்தோம். அங்கே ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் முன் நிறுத்தி, நான் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். கட்டி முக்கால்வாசி கரைந்திருந்தது. அதில் அதிசயமில்லை. ஆனால் அது கரைந்த விதம் சரியில்லை. என் பக்கமிருந்த முகம் நேராக, வெட்டியதுபோல் இருந்தது. எஞ்சின் பக்கமிருந்த முகம் குகைபோலக் குழிந்திருந்தது. ஐஸ் கட்டி எந்தப் பக்கம் குழிகிறதோ அந்தப் பக்கத்தில்தான் சூடு இருக்கிறது. நாலு வருஷத்தில் நான் அந்தத் தொழிலில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"அண்ணே, பானட்டத் தொறங்க."

எஞ்சினிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் புறப்பட்டு, இரும்புச் சுவரில் இருந்த இரண்டு ஓட்டைகள் வழியாகக் காருக்குள் போயின. தொட்டேன். கையை உதறிக்கொண்டேன். உள்ளே வந்து டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏர்கோன் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருந்தது. பழைய பெட்டி, காரோடு வந்தது. அதற்குள் குட்டி ரேடியேட்டர் ஒன்று. எஞ்சினின் கொதிநீர் ஒரு குழாயில் அதற்குள் வந்து, மற்ற குழாயில் திரும்பிப் போகிறது. கார் ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று அதன் வழியாக நுழைந்து காலில் அடிக்கிறது. நின்றால் காற்றும் நிற்கும். தவுக்கேயின் மேல் குற்றமே இல்லை.

"இது அடுப்புண்ணே," என்றேன். "குளிரு நாட்டுல கால் வெறச்சிடாம இருக்க வெக்கிறது. துரை அங்கேருந்து அப்படியே கொண்டாந்திருக்காரு. மேல ஏர்கோன், கீழ அடுப்பு. ரெண்டும் ஆறு மாசமா போட்டி போட்டு வேல செய்யுது."

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கிராணி ஓட்டறப்ப ஏன் சுடல? வாங்குற அன்னைக்கு ஜில்லுன்னுதானே இருந்துச்சு?"

அதற்கும் பதில் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. டேஷ்போர்டின் நடுவில் குறுக்காக நகரும் ஒரு கைப்பிடி. ஒரு முனையில் நீலப் புள்ளி, மறுமுனையில் சிவப்புப் புள்ளி. கைப்பிடி சிவப்பில் நின்றது. நின்றது என்பதைவிட, கட்டிப் போடப்பட்டிருந்தது. பெரியம்மாவின் நேர்த்திக்கடன் முடிச்சு அதில்தான் தொங்கியது.

கார் வந்த அன்று கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, பெரியம்மா மகனுக்குக் கல்யாணம் நடக்க வேண்டுமென்று ஒரு வெள்ளிக் காசை மஞ்சள் துணியில் முடிந்து காரில் கட்டினார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கட்டச் சொன்னார்கள். அங்கே கட்டினால் ஆடிக்கொண்டே இருக்கும், ஆத்தாளுக்குத் தலை சுற்றும் என்று மறுத்துவிட்டார். அதனால் அந்தக் கைப்பிடியில் கட்டி, அது நகராமல் இருக்கச் சிவப்புப் புள்ளி வரை இழுத்து, சாம்பல் தட்டின் பிடியோடு சேர்த்து ஒன்பது முடிச்சுப் போட்டார். நானும்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கைப்பிடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. புந்தோங்கில் யார் கார் ஹீட்டரைப் பார்த்தது?

வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் சொன்னோம். அவர் கறி அரிந்துகொண்டிருந்தார்.

"அத அவுக்கக்கூடாது," என்றார்.

"பெரியம்மா, அதுதான் சூட்டுக்குக் காரணம்."

"ஆத்தா காரணம்னு சொல்றியா?"

"ஆத்தா இல்ல பெரியம்மா. கைப்பிடி."

"கல்யாணம் நிச்சயமாகட்டும். அன்னைக்கே கோயில்ல கொண்டு போயி அவுத்துருவோம்."

"கல்யாணம் நிச்சயமாகணும்னா காரு குளிரணும். காரு குளிரணும்னா முடிச்ச அவுக்கணும். முடிச்ச அவுக்கணும்னா கல்யாணம் நிச்சயமாகணும்."

"அதத்தானே நானும் சொல்றேன்," என்றார் பெரியம்மா.

அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். "அம்மா, அந்தாளு பொய் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாரு. காரு கொதிச்சுதுன்னா ஏர்கோனே பொய்யின்னு நெனைப்பாரு. எனக்கு இது மூணாவது எடம்மா."

"மூணாவது எடம் வந்ததே அந்த முடிச்சாலதான்டா."

நான் மறுபடி காருக்குப் போனேன். சாம்பல் தட்டோடு சேர்த்துக் கழற்றலாமா என்று பார்த்தேன். அது டேஷ்போர்டோடு ஒன்றாகச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் தண்ணீர்த் திறப்பை மூடலாமா என்று பார்த்தேன்; அதை எட்ட ஏர்கோன் பெட்டியையே கழற்ற வேண்டும். மிஞ்சியது ஒரு வழிதான். முடிச்சு அப்படியே இருக்கட்டும், கைப்பிடியும் சிவப்பிலேயே இருக்கட்டும், கொதிநீரை எஞ்சின் பக்கத்திலேயே மறித்துவிட வேண்டும். சனிக்கிழமை, உள்ளே போகும் குழாயின் மேலும் கீழும் இரண்டு கட்டைத் துண்டுகளை வைத்து, கம்பியால் முறுக்கி, குழாய் தட்டையாகும்வரை நெரித்தேன். ஆத்தாளுக்கும் குறையில்லை, அண்ணனுக்கும் குறையில்லை. குழாய்க்கு இருபது வயது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து அப்படியே காரில் ஏறினேன். ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள நான் வேண்டுமாம். கோலா கங்சார் போவதற்குள் அண்ணனின் பல் கிட்டியது. வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக நடுங்கி நான் பார்த்ததில்லை.

"கால் விரலே தெரியலடா," என்றார். "இருக்கா பாரு."

தைப்பிங்கில் மழை. அங்கே எப்போது இல்லை? உடையப்பன் குடையோடு வாசலில் தயாராக நின்றார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா குத்தும் இடத்தில் தெர்மாமீட்டர். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அதை எடுத்து உதறி, ஏர்கோனுக்கு முன்னால் பிடித்தார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் குளிரில் என்ன காட்டும்? பாதரசம் அசையவே இல்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொன்னது சொன்னபடி இருக்கு தம்பி," என்றார். அண்ணனின் காது மடல் சிவந்தது.

நல்லம்மாள் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல உயரம். அண்ணனை நேராகப் பார்த்தாள். ஆனால் பேசியது அப்பாவிடம் மட்டும். மடியில் ஒரு பெரிய சதுரப் பிஸ்கட் டின், மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. அண்ணன் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அதையே பார்த்தார். அந்த டின் எங்கள் பக்கத்து வழக்கம். பெண் வீட்டார் பலகாரத்தோடு வருவார்கள். இடம் பிடித்திருந்தால் அங்கேயே திறந்து கொடுத்துக் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் டின்னை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

புக்கிட் பெராப்பிட் மேட்டில் ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. உடையப்பன் தோட்டத்தில் பாம்பு கடித்தவர்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி மேட்டில் முன்னால் ஒரு சத்தம், யாரோ துப்பியதுபோல். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. அண்ணன் ஓரம் கட்டி இறங்கி ஓடி, பானட்டைத் திறந்து, அலறினார். ஆவி அவர் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். கட்டையின் விளிம்பு கடித்த இடத்தில் குழாய் வாயைப் பிளந்து கிடந்தது.

உடையப்பன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்து மழையில் நீட்டினார். "அப்படியே வெச்சிரு. எடுக்காத." பிறகு பானட்டுக்குள் குனிந்தார். முப்பது வருஷம் கட்டுப் போட்டவர் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது போலிருக்கிறது.

"இது என்னா? கால் ஒடிஞ்சவனுக்கு நான் கட்டுற மாதிரி கட்ட வெச்சுக் கட்டியிருக்கு?"

"அது காரோடயே வந்ததுங்க ஐயா," என்றேன். எனக்குப் பொய் சொல்வதில் தயக்கம் கிடையாது. அதுவும் தூங்காமல் இருக்கும்போது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனின் மணிக்கட்டை லேசாக அழுத்தினார். "தம்பி சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், சிவந்துபோன தன் கையைப் பார்த்தார். வலியில் இருப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று டிரஸருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏர்கோன் நெசந்தாங்க ஐயா. ஆனா அடுப்பும் நெசம்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். துரை, கிராணி, ஈரச் சாக்கு, ஐஸ் தொட்டி, சிவப்புப் புள்ளி, முடிச்சு. நான் நெரித்ததையும் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நேர்த்தி எதுக்கு வெச்சாங்க?"

"எனக்குப் பொண்ணு கெடைக்கணும்னு."

"என் பொண்ணா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "பொதுவாத்தாங்க ஐயா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "அப்பா, ஆறு மாசமாவா இவங்க இந்தக் காருல வெந்துகிட்டுப் போனாங்க? கேளுங்க."

"ஆறு மாசம்," என்றார் அண்ணன்.

"கண்ணாடிய எறக்கியிருக்கலாமே. கேளுங்கப்பா."

"எறக்கினா ஏர்கோன் இல்லன்னு நெனைப்பாங்கன்னு…"

உடையப்பன் கைக்குட்டையை நனைத்து மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார். பிறகு, "இல்லாதத இருக்குன்னு சொன்னவனுங்களப் பாத்திருக்கேன். இருக்கிற ஒண்ண மறைக்கிறதுக்கு இவ்வளவு பாடுபட்ட ஆள இப்பதான் பாக்குறேன்," என்றார். "பொய்யின்னும் சொல்ல முடியல. நெசம்னும் சொல்ல முடியல. யோசிக்கணும். மொதல்ல பஸ் ஏதாவது வருதான்னு பாருங்க."

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. பஸ் என்றால் தைப்பிங்குக்குத் திரும்பும் பஸ்தான்.

நல்லம்மாள் இறங்கி வந்தாள். டின்னைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு எஞ்சினைப் பார்த்தாள். ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு விரலை நகர்த்தினாள்.

"இதுல போயி இதுல திரும்புது. அப்படித்தானே?" இந்தத் தடவை என்னிடம் கேட்டாள்.

"ஆமாக்கா."

"நடுவுல இருக்கிற அடுப்பு நமக்கு எதுக்கு? கிழிஞ்சத வீசிட்டு, நல்லா இருக்கிற குழாய வளச்சு எஞ்சின்லயே ரெண்டு பக்கமும் மாட்டிட்டா தண்ணி எஞ்சினுக்குள்ளயே சுத்தப் போவுது."

நான் அவளைப் பார்த்தேன். மூன்று நாள் மல்லாந்து படுத்து யோசித்ததில் எனக்கு இது தோன்றவில்லை. கிளினிக்கில் நாள் முழுக்கக் குழாய் மாட்டுகிறவளுக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். அண்ணன் இடது கையால் ஸ்குரூ டிரைவரைப் பிடித்து, நான் குழாயை இழுத்து, எப்படியோ வளைத்து மாட்டினோம். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலையிலிருந்து ஓடை விழுந்துகொண்டிருந்தது. அள்ள எதுவும் இல்லை. ஐஸ் தொட்டியை, மரியாதையாக இருக்காது என்று, அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

நல்லம்மாள் காரின் பின்கதவைத் திறந்தாள். டேப்பைக் கிழிக்கும் சத்தம் மழையிலும் கேட்டது.

"நல்லம்மா!" உடையப்பன் என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு ஓடினார். "என்னா செய்றே? அத இங்க தொறக்கக்கூடாது."

"தண்ணி அள்ள வேற என்னா இருக்கு?"

"தொறந்தா சரின்னு சொன்ன மாதிரிம்மா!"

"தெரியும்ப்பா. ரெண்டு தடவ மூடுன டின்னோட வீட்டுக்கு வந்தோம். ரெண்டு தடவயும் ஒரு வாரத்துக்கு நாம ரெண்டு பேரும் அதிரசமா தின்னோம். எனக்கு அதப் பாத்தாலே வெறுப்பா இருக்கு."

அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவி, அதிரசங்களை அதில் கொட்டினாள். ஒன்றை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் கட்டுப் போட்ட வலது கையை நீட்டுவதா, இடது கையை நீட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றார், போலீஸிடம் பிடிபட்டவர்போல.

"வாயத் தொறங்க," என்றாள் அவள். அவரிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அண்ணன் திறந்தார். அவர் மென்றுகொண்டிருக்கும்போது அவளும் ஒன்றைக் கடித்து, முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, வெறும் டின்னை என் கையில் கொடுத்தாள். "போயி அள்ளிட்டு வா தம்பி."

அதிரசம் நனையாமல் உடையப்பன் துண்டின் மேல் குடையைப் பிடித்தார். பிறகு அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் ஆறு தடவை ரோட்டைக் கடந்து தண்ணீர் சுமந்தேன். எண்ணெய் மிதந்த தண்ணீர்தான் ரேடியேட்டருக்குள் போயிற்று.

கார் கிளம்பியது. குழாய் ஒழுகவில்லை. காலில் சூடு இல்லை. ஏர்கோன் முழு வேகத்தில் அடித்தது. நாலு பேரும் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தோம். பாடாங் ரெங்காஸ் தாண்டும்போது உடையப்பனின் தாடை ஆட ஆரம்பித்தது. கைகளை அக்குளில் வைத்துக்கொண்டார். துண்டு என்னிடம் அதிரசத்தோடு இருந்தது.

"மாப்ள," என்றார், "கொஞ்சம் அத அடைச்சு வெக்கலாமா?"

அந்தச் சொல்லைக் கேட்டு அண்ணன் ஒரு நிமிஷம் ரோட்டைவிட்டே இறங்கப் பார்த்தார். ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டு, "ஏர்கோன் காருன்னு சொல்லிட்டு அடைச்சா நல்லாவா இருக்கும் மாமா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கும் மாப்ள."

"இல்ல மாமா. பேச்சு மாறக்கூடாது."

கோலா கங்சார் பாலம் வரை உடையப்பன் பொறுத்துக்கொண்டார். அதற்குமேல் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நல்லம்மாள் பின்சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டி, ஏர்கோனை அடைத்துவிட்டு, "எல்லாரும் கண்ணாடிய எறக்குங்க," என்றாள்.

அண்ணன் இறக்கினார்.